பழைய தேக்கு வில்லுக்கு முதுகு ஒட்டு: காரைக்குடிக் கடைகளில் கிடைப்பதில் எது தேறும், எது தேறாது

செட்டிநாட்டில் மர வில் செய்ய உட்காருகிறவர் கைக்கு முதலில் வந்து சேர்வது பழைய தேக்குதான். இடித்த வீட்டுக் கைமரம், கதவுச் சட்டம், பரண் பலகை என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளிலும், தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் வீடு பிரிக்கிற இடங்களிலும் கிடைக்கிறது. பல தலைமுறை காய்ந்த மரம், இனிமேல் முறுக்கிக்கொள்ளாது. வில்லுக்கு அதில் இருக்கிற வம்பு ஒன்றுதான்: அது வாளால் அறுத்த சட்டம். பிளந்து எடுத்த கட்டையாக இருந்தால் ஒரே ஆண்டு வளையத்தைத் தலை முதல் வால் வரை முதுகில் விட்டுச் செதுக்கலாம். அறுத்த சட்டத்தில் நார் எங்காவது ஓரத்தில் வெளியே ஓடிவிடும். ஓடின இடத்தில்தான் சிலாம்பு கிளம்பும். சிலாம்பு கிளம்பிய வில் அடுத்த இழுப்பில் இரண்டாகும். அதைத் தடுக்கத்தான் முதுகில் ஏதாவது ஒட்டுகிறோம்.

இங்கே சொல்வதெல்லாம் 173 செ.மீ. (68 அங்குலம்) நீளம், பிடிக்கு அருகே 5 செ.மீ. அகலம், 28 அங்குலம் இழுத்தால் 30 முதல் 35 பவுண்டு இழுவிசை வரும் தட்டை வில்லுக்கு. முதுகு என்பது குறியைப் பார்க்கிற பக்கம். வயிறு என்பது நம்மைப் பார்க்கிற பக்கம். கை என்பது பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதி. 12 மி.மீ. தடிமனுள்ள கையை 75 செ.மீ. ஆரத்தில் வளைத்தால் முதுகின் மேல்பரப்பு 0.8 சதவீதம் நீள்கிறது, வயிறு அதே அளவு சுருங்குகிறது. தேக்குக்கு இரண்டு பக்கமும் இது எல்லை ஓரம்.

ஒட்டு வாங்கும்போது கடையில் எல்லோரும் கேட்பது “எது ரொம்ப ஸ்ட்ராங்?” என்றுதான். கேள்வியே தப்பு. முதுகில் விறைப்பான பொருளை ஒட்டினால் அது நீள மறுக்கும்; நீளாத பங்கையும் சேர்த்து வயிறுதான் சுருங்கித் தீர்க்க வேண்டும். தேக்கு வயிறு அதைத் தாங்காமல் உள்ளுக்குள் நார் மடங்கும். வயிற்றில் குறுக்கே நகக்கீறல் போல மெல்லிய கோடுகள் தெரிய ஆரம்பிக்கும். முதுகு உடையவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே வில் தளர்ந்து, நாண் கழற்றின பிறகும் வளைந்தே நிற்கும். ஆகவே ஒட்டைத் தேர்ந்தெடுக்க முதுகைப் பார்ப்பதைவிட வயிற்றைப் பார்ப்பதுதான் முறை. கீழே வருகிற தீர்ப்பு எல்லாம் இந்தக் கணக்கில் போட்டது.

ஒட்டு வாங்கப் போவதற்கு முன்னால் சட்டம் அதற்குத் தகுதியா என்று பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் நார்க் கோட்டைத் தொடர்ந்து போங்கள். 20 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. விலகினால் துணி ஒட்டுப் போதும். 10 செ.மீ.க்கு 1 செ.மீ. விலகினால் எந்த ஒட்டும் காப்பாற்றாது. அந்தச் சட்டத்தைச் சாமிப் பலகைக்கு விடுங்கள். கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டால் பேனா மையை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் அது நார் வழியே ஓடிக் காட்டும். கைமரத்தில் ஆணித் துளை இல்லாமல் இருக்காது. துளையைச் சுற்றிக் கறுப்பு படர்ந்திருந்தால் அது இரும்புத் துரு மரத்தைத் தின்ற இடம். மேலே அழகாக இருந்தாலும் உள்ளே சொரசொரவென்று உதிரும். பிடிக்குள் அப்படி ஒரு துளை வந்தால் பரவாயில்லை. கையின் நடுப்பகுதியில் வந்தால் வேறு சட்டம் தேடுவதுதான் புத்தி.

பசை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கே தேக்கில் ஒட்டு உரிந்துவிட்டது என்று வருகிற புகாரில் பெரும்பாலானவற்றுக்குத் துணியோ தோலோ காரணம் இல்லை. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசபசப்பு உண்டு. அதனால்தான் கரையான் அண்டுவதில்லை. அதனால்தான் பசையும் ஒட்டுவதில்லை. 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து, தூசியைத் தட்டி, அசிட்டோன் அல்லது என்.சி. தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி மஞ்சளாகும். மஞ்சள் வருவது நிற்கும் வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பசை போட்டுவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். மண்ணெண்ணெய், டர்பன்டைன் இரண்டும் வேண்டாம், அவையே ஒரு படலத்தை விட்டுப் போகும்.

துணிக்கும் தோலுக்கும் ஃபெவிக்கால் மரைன் நல்லது. சாதாரண ஃபெவிக்கால் எஸ்.ஹெச்.சும் பிடிக்கும், ஆனால் ஐப்பசி அடைமழையில் ஈரம் வாங்கும். மூங்கிலுக்கு அரால்டைட் ஸ்டாண்டர்டு, எடைக் கணக்கில் 100-க்கு 80. ஐந்து நிமிடத்தில் இறுகுகிற வகை முறுகலாகக் காயும், வளையும் வில்லில் வெடித்துவிடும். செருப்புக்கு ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷனை யார் சொன்னாலும் வாங்காதீர்கள். அது இறுகாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும், ஒட்டு ஒரு பக்கமும் மரம் ஒரு பக்கமுமாகப் போகும். தச்சர்கள் பழைய பழக்கத்தில் வைத்திருக்கிற வஜ்ஜிரம் (விலங்குத் தோலைக் காய்ச்சிச் செய்த பசை) கிடைத்தால் தோலுக்கு அதற்கு மிஞ்சியது இல்லை. ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 டிகிரி அளவில் உருக்க வேண்டும். கொதித்தால் பிடிப்பு போய்விடும்.

இனி பொருள்களுக்கு வருவோம்.

முதல் இடம் லினன் துணிக்கு. நார் சுத்தமாக ஓடுகிற சட்டத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. லினன் நூல் நீளம் குறைவாகத்தான் கொடுக்கும், ஆனால் நெசவில் நூல் மேலும் கீழும் ஏறி இறங்குவதாலும் பாதி நூல் குறுக்கே கிடப்பதாலும் மொத்தத் துணி வயிற்றை நசுக்குகிற அளவுக்கு விறைப்பாகாது. சிலாம்பை அமுக்கிப் பிடிக்கும், எடை சேர்க்காது. சட்டைத் துணிக் கடையில் லினன் என்று கேட்டால் பாதி நேரம் பாலியஸ்டர் கலந்ததைத்தான் எடுத்துப் போடுவார்கள். ஓரத்தில் இரண்டு நூலை உருவி நெருப்புக் குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பல் பொடியாக உதிர்ந்தால் பஞ்சு அல்லது லினன். நுனியில் கறுத்து உருண்டு மணியாகக் கட்டினால் கலப்படம். பஞ்சையும் லினனையும் பிரிக்க, நூலைத் தண்ணீர் படாமல் முறுக்கவிழ்த்து இழுத்துப் பாருங்கள்: பஞ்சு குட்டையாகப் பஞ்சுபஞ்சாகப் பிரியும், லினன் நீள நீளமான நாராக வரும்.

அரை மீட்டர் அகலத்தில் 2 மீட்டர் வாங்கினால் ஆறேழு வில்லுக்கு ஆகும். முதலில் வெந்நீரில் அலசிக் கஞ்சியைப் போக்குங்கள். கஞ்சி இருந்தால் பசை உள்ளே இறங்காது. வில் தரையில் ஊன்றி அழுத்தினால் இரண்டு கையும் சமமாக வளைகிற கட்டம் வந்த பிறகு, நாண் ஏற்றுவதற்கு முன்னால், ஒட்டுவது சரியான நேரம். முதுகின் இரண்டு ஓரத்தையும் 2 அல்லது 3 மி.மீ. உருட்டிவிடுங்கள், கூர்மையான ஓரத்தில் துணி நூல்நூலாக அறுபடும், சிலாம்பு கிளம்புவதும் பெரும்பாலும் அங்கேதான். மரத்தில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்த பசையை ஒரு கை பூசி இழுக்கவிடுங்கள். அடுத்துக் கெட்டிப் பசை பூசி, துணியைப் பிடியில் ஆரம்பித்து நுனியை நோக்கிக் கட்டை விரலால் தள்ளிக்கொண்டே போங்கள். நூல் வில்லின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். கொஞ்சம் கோணினாலும் துணி நீளக் கற்றுக்கொள்ளும், அப்புறம் அது அலங்காரம்தான். பக்கத்துக்கு 1 செ.மீ. துணி தொங்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து மேலே இன்னொரு கை. மறுநாள் பிளேடால் ஓரத்தை அறுத்து உப்புத்தாளால் சீவிவிடலாம். 100 கிராம் டப்பா ஒரு வில்லுக்குத் தாராளம்.

செய்கிற தப்புகளில் பெரியது அவசரம். தண்ணீர்ப் பசை மரத்துக்குள் ஈரத்தை ஏற்றுகிறது. ஒட்டின மறுநாளே வளைத்தால் ஈர மரம் அந்த வளைவிலேயே தங்கிப்போகும். மூன்று நான்கு நாள் நிழலில் கிடக்கட்டும்.

பட்டுத் துணியும் இதே வேலையைச் செய்யும், இன்னும் மெல்லிசாக. நுனியில் எடை ஏறக் கூடாது என்கிற மெல்லிய வில்லுக்கு லினனைவிடப் பட்டு ஒரு படி மேல். ஜரிகை இல்லாத பழைய பட்டு அங்கவஸ்திரம் போதும். ஜரிகை விழுந்த இடத்தில் பசை பிடிக்காது. எரித்தால் முடி கருகுகிற நாற்றம் வர வேண்டும். வராவிட்டால் அது பட்டு இல்லை. பட்டு நன்றாக நீளும் என்பதால் சிலாம்பை லினன் அளவுக்கு இறுக்கிப் பிடிக்காது. சந்தேகமான சட்டத்துக்கு இரண்டு மடிப்பாக ஒட்ட வேண்டும்.

கண்டாங்கிச் சேலை பற்றிக் கேட்பவர்கள் இந்த ஊரில் அதிகம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கின சேலை, கட்டம் போட்ட அந்தச் சிவப்பும் கறுப்பும் வில் முதுகில் பார்க்க அள்ளும். ஆனால் அது பருத்தி. தடித்த நூல், பசை நிறையக் குடிக்கும், லினனைவிட அதிகமாக நீளும். நார் நல்ல சட்டத்தில் அழகுக்கு ஒரு மடிப்பு ஒட்டிக்கொள்ளலாம். காப்பு என்று நம்பி ஒட்ட வேண்டாம். நல்ல சேலையை வெட்டுவதும் பாவம். கிழிந்த சேலையின் உடல் பகுதி போதும்.

சந்தேகமான சட்டத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியது ஆட்டுத் தோல். பதனிட்ட தோல் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து வருகிற பதனிட்ட தோல் மெத்தென்று நீளும், அது பிடிக்கு உறை போடத்தான் லாயக்கு. வேண்டியது முடி சுரண்டி, விறைப்பாகக் காயவைத்த பச்சைத் தோல். தோல் வாத்தியம் கட்டுகிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும். அவர்கள் வைத்திருப்பதிலேயே மெல்லியதைக் கேளுங்கள்: அரை மி.மீ. முதல் 0.8 மி.மீ. வரை. மாட்டுத் தோலைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்தத் தடிமன் நுனியில் ஏறினால் அம்பு போகும் வேகம் கண்கூடாகக் குறையும்.

வெளிச்சத்துக்கு நேராகத் தோலைப் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும். முதுகுத்தண்டு ஓடின இடம் இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தெரியும். ஆட்டின் வயிற்றுப் பக்கம் மெலிந்து புகைமூட்டமாகத் தெரியும். தண்டை ஒட்டிய இரண்டு பக்கத்திலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டை, 7 செ.மீ. அகலம், முடிந்தவரை 90 செ.மீ. நீளம். ஓர் ஆட்டில் இரண்டு பட்டையும் வந்துவிடும், இரண்டும் ஒரே தடிமன் என்பதால் வில்லின் இரண்டு கையும் சமமாக இருக்கும். கத்தி பட்ட கீறல் இருந்தால் வேண்டாம், ஈரத்தில் அது ஓட்டையாக விரியும். உப்புப் போட்டுக் காயவைத்த தோலாக இருந்தால் தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, நாக்கில் வைத்தால் கரிக்காத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். உப்பு மிச்சமிருந்தால் மழைக்காலம் முழுக்க அது காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும்.

சாதாரணத் தண்ணீரில் ஒன்று இரண்டு மணி நேரம் ஊறினால் துணி போலத் துவளும். வெந்நீர் கூடாது. சூடு ஏறினால் தோல் வெந்து சுருண்டு, பிறகு எந்தப் பசைக்கும் பிடிகொடுக்காது. எடுத்துத் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றிவிட்டு, சதை இருந்த பக்கம் மரத்தில் படுகிற மாதிரி ஒட்டுங்கள். அந்தப் பக்கத்துச் சொரசொரப்பு பசையை நன்றாகக் கவ்வும். மரத்தில் ஒரு கை, தோலில் ஒரு கை. பிடியில் இரண்டு பட்டையும் 4 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும், கீழ்ப் பட்டையின் முனையைச் சீவி மெலிதாக்கிக்கொண்டு. நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் வழித்துக் காற்றை வெளியேற்றுங்கள். இழுத்து நீட்டாதீர்கள். ஈரத்தில் நீண்ட தோல் காயும்போது அத்தனையும் திரும்பச் சுருங்கி, ஓரத்தை மரத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு மேலே எழும்.

கட்டுவதற்கு மருந்துக் கடை பேண்டேஜ் சுருள் போதும். இடைவெளி விட்டுச் சுற்றுங்கள், ஈரம் வெளியேற வழி வேண்டும். சைக்கிள் டியூப் இங்கே ஆகாது. அது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும், இந்த ஊர் வெக்கையில் இரண்டாம் நாள் நாற்றம் எடுக்கும். மறுநாள் கட்டை அவிழ்த்து, ஓரம் எழுந்த இடத்தில் கொஞ்சம் பசை விட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி கட்டுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்தால் தெரியாது, மேலே தகடு போல விறைத்திருக்கும்போதே உள்ளே ஈரம் இருக்கும். சமையலறைத் தராசில் வில்லைத் தினமும் நிறுத்து எழுதி வையுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சித்திரையில் நான்கைந்து நாளில் ஆகிற இந்த வேலை கார்த்திகையில் இரண்டு வாரம்கூட இழுக்கும். அதனால் தோல் ஒட்டுவதானால் மாசி, பங்குனியே தோது.

காய்ந்த பிறகு ஓரத்தை மரத்தோடு மட்டமாக அரத்தால் சீவி, பி.யூ. (பாலியூரித்தேன்) வார்னிஷ் மூன்று கை மெலிதாக. தோலின் மேல் விரல் நகம் அளவு இடம் வார்னிஷ் இல்லாமல் விட்டாலும் மழை அங்கே உட்கார்ந்து கொப்புளம் கட்டும். இன்னொன்று, தோல் ஒட்டின வில்லைச் சுவரோரம் தரையில் சாத்தி வைக்காதீர்கள். எலிக்கும் நாய்க்கும் அது தீனி.

ஆட்டுத் தோல் வயிற்றை நசுக்காதா? இந்தத் தடிமனில் நசுக்காது. தோல் நன்றாக நீளும், மரத்தோடு சேர்ந்து 0.8 சதவீதம் போவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பெரிய சிலாம்பையும் கிளம்பவிடாமல் பிடித்துக்கொண்டு, வளைவைப் பற்றி எந்தச் சண்டையும் போடாது. சந்தேகமான தேக்குச் சட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒட்டு இந்த வட்டாரத்தில் இல்லை என்பதே தீர்ப்பு.

மூங்கில் வேறு ஜாதி. துணியும் தோலும் காப்பு மட்டும். மூங்கிலோ, வில்லின் பாதி வேலையைத் தானே செய்யும். சரியாக அமைந்தால் இந்தப் பட்டியலில் அதிவேகமான வில் இதுதான். சரியாக அமைவது அரிது.

சாரம் கட்டுகிற மூங்கில் விற்கிற கடையில் முதலில் காட்டுவது கல் மூங்கில். ஒல்லி, உள்ளே கிட்டத்தட்ட கெட்டி, சிலம்புக் கம்புக்கு ஏற்றது, இதற்கு ஆகாது. விட்டம் சிறுத்தால் வெளிப்புறம் உருண்டு வரும். அதைத் தட்டையாக்க முடியாது, ஏனென்றால் வலுவான நார் முழுவதும் வெளிப்பட்டையை ஒட்டி நெருங்கி இருக்கிறது, அதில் கை வைத்தால் ஒட்டே வீண். பெருத்த முள் மூங்கிலில் அடிப்பகுதிக்கு மேலே உள்ள நேரான துண்டைக் கேளுங்கள். கணக்கு இப்படி: 12.5 செ.மீ. விட்டமுள்ள மூங்கிலில் 35 மி.மீ. அகலப் பட்டை எடுத்தால் நடு, ஓரத்தைவிட 2.5 மி.மீ. உயரமாக நிற்கும். நடுவில் 3.5 மி.மீ. வைத்து உட்புறத்தை மட்டமாக இழைத்தால் ஓரம் 1 மி.மீ. மிஞ்சும். அதுதான் அளவு. 10 செ.மீ. விட்டத்தில் அதே 35 மி.மீ. பட்டை 3.2 மி.மீ. ஏறும், ஓரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது, 30 மி.மீ.க்குக் குறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். நுனியை நோக்கி நடுத் தடிமன் 2 மி.மீ. வரை இறங்கட்டும், உட்புறத்திலிருந்து மட்டும். வெளியே மினுமினுப்பான மெழுகுத் தோலைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினால் போதும். கணுவை மட்டமாக்காதீர்கள். மூங்கில் ஒட்டு உடைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் யாரோ அழகுக்காகத் தேய்த்த கணுதான்.

கட்டையின் அடியில் மாவு போலக் கொட்டியிருந்தால் உளுத்த மூங்கில், தொடாதீர்கள். பச்சையாக வாங்கினால் பட்டையாகப் பிளந்து நிழலில் சில மாதம் விட வேண்டும்.

இப்போது வயிற்று விவகாரம். மூங்கில் தேக்கைவிட விறைப்பு. இரண்டையும் ஒரே அகலத்தில் ஒட்டினால் தேக்கு வயிறு நிச்சயம் மடங்கும். இதற்கு வழி குறுக்கு வெட்டை மாற்றுவது: முதுகு 35 மி.மீ., வயிறு 45 மி.மீ. பக்கங்கள் சரிவாக இறங்கட்டும். முதுகில் பொருள் குறைந்து, வயிற்றில் சுமை பரவும். ஒட்டும்போதே இரண்டு நுனியின் கீழும் கட்டை வைத்து வில்லை எதிர்ப்பக்கம் 3 அல்லது 4 செ.மீ. வளைத்துக் கட்டினால், பிறகு நாண் ஏறின வளைவு தங்குவதை அது ஈடுகட்டும். ஜி கிளாம்ப் 5 செ.மீ.க்கு ஒன்று வேண்டும், 30-க்கு மேல் ஆகும். அத்தனை இல்லாதவர்கள் லாரி டியூபை 3 செ.மீ. நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றலாம், மூங்கிலுக்கு அது நன்றாகவே பிடிக்கிறது. எல்லா இடத்திலும் மெல்லிய பசைக் கோடு பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடம் பசை இல்லாத இடம். அதே சமயம் அளவுக்கு மீறி இறுக்கினால் அரால்டைட் முழுவதும் வழிந்து நடுவே வறண்டுவிடும். ஒரு நாள் முழுக்கக் கட்டு அவிழ்க்கக் கூடாது. முடிந்த வில்லை மே மாதம் பூட்டிய காருக்குள் போட்டால் அந்தச் சூட்டில் அரால்டைட் இளகும். ஒட்டுப் பிரிந்து வந்தால் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை.

முதல் வில் செய்கிறவருக்கு மூங்கிலைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. இரண்டு வில் துணியில் முடித்த பிறகு பார்க்கலாம்.

கண்ணாடி இழையைக் கடைக்காரர்கள் அழுத்தமாகச் சிபாரிசு செய்வார்கள். தண்ணீர்த் தொட்டி ஒட்டுகிற கடையில் கிடைக்கிற கண்ணாடிப் பாயும் ரெசினும் முதல் பார்வைக்குச் சரியாகத்தான் தோன்றும். பாயில் இழை நாலா பக்கமும் தாறுமாறாகக் கிடக்கிறது, பாதிக்கு மேல் வில்லுக்குப் பயன்படாத எடை. ஒரே திசையில் நூல் ஓடுகிற வகை கிடைத்தாலோ நிலைமை இன்னும் மோசம்: ஒரே நீட்சிக்குக் கண்ணாடி இழை தேக்கைப் போல ஏறக்குறைய 6 மடங்கு இழுவிசை எடுக்கும். ரெசினோடு சேர்ந்து அது பாதியானாலும் தேக்கு வயிறு எதிர்நிற்காது. முதுகில் மட்டும் கண்ணாடி ஒட்டின தேக்கு வில் உடையாது, செத்துப்போகும். ஃபால்ஸ் சீலிங் கடையில் விற்கிற 5 செ.மீ. அகலக் கண்ணாடி வலை நாடா இதற்கு விதிவிலக்கு. அது அவ்வளவு விறைப்பு இல்லை, மலிவு, நீளமாகக் கிடைக்கும். பின்னால் தடவியிருக்கிற ஒட்டுப்பசை வேறு பசையை உள்ளே விடாது என்பதால் ஃபெவிக்காலை மேலேயிருந்து தேய்த்து வலைக் கண்களுக்குள் இறக்க வேண்டும். குழந்தைகளின் 15 பவுண்டு வில்லுக்குப் போதும். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். அந்தத் தூசி தொண்டையில் ஏறினால் லேசில் விடாது.

சாக்குத் துணி தடிமன், ஒரு படி பசை குடிக்கும், பலன் இல்லை. முறுக்கின சணல் கயிறும் அப்படியே, முறுக்கு அவிழ்கிற வரை இழுவையை ஏற்காது. முறுக்காத நாரைச் சீப்பில் வாரி நீளவாக்கில் பரப்பினால் நன்றாகவே உழைக்கும், பொறுமை உள்ளவர்களுக்கு. வாழை நார் வலு போதாது. குடைத் துணி, நைலான் எல்லாம் பசை பிடிக்காத ஜாதி.

நரம்பு என்று சொல்கிற கால் தசைநாண் குட்டை வில்லுக்கு அரச மருந்து. முதுகு எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம் என்கிற சுதந்திரம் அதில் மட்டும்தான். ஆனால் இந்த ஊரில் ஆட்டுக்கால் எல்லாம் சூப்புக்குப் போகிறது, போகாமல் தப்பினதும் ஒரு சாண் நீளம் தேறாது. அதை இடித்து நாராக்கி, வஜ்ஜிரத்தில் நனைத்து அடுக்கி, மாதக் கணக்கில் காயவைக்க வேண்டும், பிறகு ஐப்பசியில் எல்லாம் இளகும். 68 அங்குல வில்லுக்கு இத்தனை பாடு தேவையே இல்லை.

எது ஒட்டினாலும், முதல் சில நாள் ஒவ்வொரு பத்து அம்புக்கும் வில்லை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முதுகில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் நாணைக் கழற்றி, சத்தம் வந்த பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். துணிக்குக் கீழே மேடு தட்டுப்பட்டால் சிலாம்பு. ஓரத்தில் ஃபெவிக்விக் இரண்டு சொட்டு இறக்கி, அந்த இடத்தில் 5 செ.மீ. நீளத்துக்குப் பட்டு நூல் சுற்றிப் பசை பூசினால் பெரும்பாலும் நின்றுவிடும். வயிற்றைப் பார்க்க விளக்கைச் சாய்வாகப் பிடிக்க வேண்டும். குறுக்குக் கோடு நேர் வெளிச்சத்தில் தெரியாது. தெரிந்தால் அந்த இடத்தைச் சுரண்டாதீர்கள், அது ஏற்கெனவே அதிகம் வளைகிற இடம். அதற்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரம் வயிற்றைக் கண்ணாடிச் சில்லால் மெல்லச் சீவி, வளைவைப் பங்கு போட்டுவிடுங்கள். நாலைந்து பவுண்டு குறையும். கோடு ஆழமாகாமல் நின்றால் வில் பிழைத்தது.